பினாங்குச் சக்களத்தி

கல்யாணமான முதல் நான்கு வருடத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே வீட்டில் இருந்தது மூன்றே மாதம். அவருக்குப் பினாங்கில் கொப்பரைத் தேங்காய் சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை. எனக்கு இலுப்பூருக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரில் மாமனார், மாமியார், இரண்டு மாடு, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இது பெரிய விஷயமே இல்லை. தெருவுக்கு மூன்று பெண்கள் என்னைப் போல இருந்தார்கள். பெரிய விஷயம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்களே தவிர, எனக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. இந்த மனுஷன் ஊரோடு வந்து இருந்துவிட மாட்டாரா என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

அந்த நான்கு வருடம் கழிந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்தில் அவர் லீவில் வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி, பஸ் மாறி மாறி இலுப்பூர் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டியிலிருந்து இறங்கும்போது தகரப்பெட்டியை வண்டிக்காரரிடம் விட்டுவிட்டு, துண்டு போட்டு மூடிய ஒரு பெரிய கம்பிக்கூண்டை மட்டும் தன் கையால் தூக்கி வந்தார். எனக்குத்தான் ஏதோ கொண்டு வருகிறார் என்று நானும் கதவோரம் நின்றேன். துண்டை எடுத்ததும் உள்ளே இருந்தது என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டது பாருங்கள், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமியார் கையிலிருந்த செம்பு விழுந்தது.

வெள்ளை வெளேரென்று ஒரு பறவை. காக்கையைவிடப் பெரிது, கோழியைவிடச் சின்னது. அலகு கறுப்பு, கிளிக்கு இருப்பது போல வளைந்து, ஆனால் பாக்குவெட்டி மாதிரி கனம். கண்ணைச் சுற்றி இறகு இல்லாமல் வெளிறிய தோல். தலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கொண்டை படிந்து கிடந்தது. அது கோபப்பட்டாலோ சந்தோஷப்பட்டாலோ அந்தக் கொண்டை விசிறி விரிகிற மாதிரி எழுந்து நிற்கும். தாழம்பூ மடல் மாதிரி இருக்கும் அப்போது. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கூண்டுக்குள் விரலை நீட்டினேன். கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டது. அவர் நீட்டினார். தலையைத் தாழ்த்திப் பிடரியைக் காட்டியது. அவர் கோதிவிட, கண்ணை மூடிச் சொக்கி நின்றது.

"ஆம்பளையா, பொம்பளையாப்பா இது?" என்று மாமனார் கேட்டார்.

"பெட்டைங்கய்யா. கண்ணப் பாருங்க, செவப்பா இருக்குல்ல? சேவலுக்குக் கறுப்பா இருக்கும்."

"நல்லாருக்கே! கடல் தாண்டி எனக்குச் சக்களத்தி கொண்டாந்திருக்காரு" என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து ஊரில் அதற்கு அதுதான் பெயர். பினாங்குச் சக்களத்தி.

முற்றத்து உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு கட்டி, குறுக்கே ஒரு கழியைத் தொங்கவிட்டு, காலில் வளையமும் சங்கிலியும் போட்டு அதை உட்கார வைத்தார். ஒரு வாரத்தில் கழியைக் கடித்தே இரண்டாக்கிவிட்டது. அடுத்த கழியும் அப்படியே. அப்புறம் நிலைக்கதவின் ஓரம், கட்டில் கால், மாமியார் அரிசி அளக்கும் மரப்படியின் விளிம்பு. விடிகிற நேரத்திலும் பொழுது சாய்கிற நேரத்திலும் ஊர் முழுக்கக் கேட்கக் கத்தும். பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கம்பங்கொல்லைக்குப் போகும்போது இது ஒரு சத்தம் கொடுத்தால், அந்தக் கூட்டம் திசை மாறிப் பறக்கும். கம்பு விதைத்தவர்கள் மட்டும் அதைப் புகழ்ந்தார்கள்.

மாமியாருக்குப் பொறுக்காதது இன்னொன்று. எதைக் கொடுத்தாலும் இடது காலால்தான் வாங்கும். வலது காலில் நின்றுகொண்டு, இடது காலில் பிடித்து, உருட்டி உருட்டித் தின்னும். "பீச்சாங்காலாலயா திங்கும் எழவு? வலது பக்கமா நீட்டிக் குடுடி, பழகட்டும்" என்பார். வலது பக்கம் நீட்டினால் அது உடம்பைத் திருப்பிக்கொண்டு இடது காலாலேயே வாங்கும். அத்தைக்கும் அதற்கும் இந்தப் போட்டி பல வருடம் நடந்தது. அத்தைதான் தோற்றார்.

அதன் உடம்பிலிருந்து மாவு மாதிரி ஒரு வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டே இருக்கும். சிறகைச் சிலுப்பினால் வெயிலில் புகை மாதிரி கிளம்பும். பானை மூடியில், கண்ணாடியில், என் தலைமுடியில் எல்லாம் படியும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஆத்தாடி, விபூதில்ல கொட்டுது!" என்று விரலால் தொட்டுத் தன் பிள்ளை நெற்றியில் பூசிவிட்டாள். விராலிமலை முருகனுக்கு மயில் மாதிரி, அந்தப் பக்கத்துத் தீவில் எந்தச் சாமிக்கு இது வாகனமோ என்று அவளுக்குச் சந்தேகம். அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார், இறகு நனையாமல் இருக்க அதன் உடம்பிலேயே ஊறுகிற பொடி என்று. யார் கேட்டார்கள்!

சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டில் அவை இருக்கும் விதத்தைச் சொல்வார். கொப்பரை வாங்க இரண்டு தடவை பாய்மரக் கப்பலில் கிழக்கே வெகுதூரம் தீவுகளுக்குப் போயிருக்கிறார். தென்னந்தோப்புக்குப் பின்னால் காடு, காட்டுக்குப் பின்னால் மலை. பொழுது சாய்கையில் ஒரு பெரிய மரம் இருந்தாற்போலிருந்து வெள்ளையாகிவிடுமாம். அவ்வளவும் இந்தப் பறவைகள். காலையில் கீழே இறங்கி விதை பொறுக்கும்போது ஒன்று மட்டும் உச்சிக்கிளையில் காவல் இருக்கும். அது கத்தினால் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பிவிடும். சோளக்கொல்லையில் இறங்கினால் கொல்லை காலி. உயரமான மரத்துப் பொந்தில் முட்டையிடும். ஒரு தடவை ஜோடி சேர்ந்தால் சாகும்வரை அந்த ஜோடிதான்.

"அடையில மட்டும் ரெண்டும் மாத்தி மாத்திதான் ஒக்காரும். பகல்ல பெரும்பாலும் சேவலு, ராத்திரி பெட்டை" என்றார்.

"பறவைக்குத் தெரியுது" என்றேன் நான்.

மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே தலை குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அதற்கு மாங்காய்க் கீற்றை ஊட்டிக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் கோடைமழை பிடித்துக்கொண்டது. அவர் இலுப்பூர் சந்தைக்குப் போயிருந்தார். முற்றத்தில் இருந்த பறவை திடீரென்று தலைகீழாகத் தொங்கியது. இரண்டு சிறகையும் விரித்து, உடம்பெல்லாம் உதற, வாயைத் திறந்து அலறியது. மாமியார் பார்த்துவிட்டார். "அய்யய்யோ, வலிப்பு வந்திருச்சு! இரும்பக் குடு, இரும்பக் குடு!" என்று மழையில் ஓடி, இடுப்பில் இருந்த குதிர் அறைச் சாவியை அதன் காலில் திணித்தார். அது இடது காலால் வாங்கிக்கொண்டது. சாவியைப் பிடித்தபடியே இன்னும் உற்சாகமாகத் தொங்கி ஆடியது. நாங்கள் மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போட்டோம். மழை நின்றது. பறவை நிமிர்ந்து உட்கார்ந்து, இறகைக் கோதி, சாவியை ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுக் கிணற்றடிச் சேற்றில் வீசியது.

அவர் வந்து விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அது குளிக்குதுத்தா! காட்டுல மழ பேஞ்சா கூட்டமே இப்புடித்தான் கொப்புல தலகீழாத் தொங்கும்" என்றார். சாவியைத் தேட ஆளுக்கொரு பக்கம் சேற்றைக் கிளறினோம். அவ்வளவு சிரித்து நான் அந்த வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை. இந்த மனுஷன் இருந்தால் இந்த வீடு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் லீவு முடிந்தது. நான் முழுகாமல் இருந்தேன், அவரிடம் சொல்லியும்விட்டேன். சந்தோஷப்பட்டார். ஆனால் பெட்டி கட்டுவதை நிறுத்தவில்லை. பறவையை என்ன செய்வதாம்? பினாங்கில் கூட இருப்பவர்கள் சத்தம் தாங்கவில்லை என்கிறார்களாம். "ஒனக்குத் துணையா இங்கயே இருக்கட்டும்" என்றார். துணையாம் துணை! பெண்டாட்டிக்குப் பறவையைத் துணை வைத்துவிட்டுக் கப்பல் ஏறுகிற புருஷனை நீங்கள் கண்டதுண்டா? "இங்கயே ஒரு கட கண்ணி வச்சுப் பொழைக்க முடியாதாங்க?" என்று மட்டும் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் எங்கள் ஊரில் முடியாது என்று அர்த்தம்.

அவர் போன மூன்றாம் நாளிலிருந்து பறவை வாசலைப் பார்த்தபடியே இருந்தது. கத்தவில்லை. வைத்ததைத் தின்னவில்லை. நெஞ்சு இறகை ஒவ்வொன்றாகத் தானே பிடுங்கிப் போட்டது. ஆடி பிறக்கும்போது முன்பக்கம் உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. எனக்கும் மசக்கை. சோற்று வாசனையே ஆகாது. அப்போது கிணற்றுப் பாசனக் கடலை பறித்துக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்தப் பச்சைக் கடலை ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. முற்றத்தில் உட்கார்ந்து உரித்து உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். சங்கிலி சத்தம் கேட்டது. அது கயிற்றின் உச்சியிலிருந்து கழிக்கு இறங்கி வந்து, என் தலைக்குச் சமமாக நின்று, இடது காலை நீட்டியது.

கொடுக்கக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு, "ஒன்னையும்தான் விட்டுட்டுப் போய்ட்டாரு, இந்தா" என்று கொடுத்தேன். தின்றது. இன்னொன்று கேட்டது. அன்று என் மடியிலிருந்து முப்பது நாற்பது கடலை தின்றிருக்கும். நான்கு நாள் கழித்துப் பிடரியைக் காட்டியது. அதற்குப் பிறகு சங்கிலியே தேவைப்படவில்லை. தண்ணீர் இறைக்கப் போனாலும் என் தோளில்தான். வேறு யாராவது பக்கத்தில் வந்தால் கொண்டையைத் தூக்கிச் சீறும். புரட்டாசிக்குள் நெஞ்சில் புது இறகு முளைத்துவிட்டது. வளைகாப்பு போட்டுத் தாய்வீடு விராலிமலைக்கு நான் போனபோது அதுவும் வண்டியில் வந்தது. அங்கே மலையடிவாரத்து மயில்கள் அகவ, இது பதிலுக்குக் கத்த, எங்கள் அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

இனி கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்கிலிருந்து வரும் கடிதம் மாமனார் பெயருக்குத்தான் வரும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு அவர் சத்தமாக வாசிப்பார். பதிலும் அவர்தான் எழுதுவார், அதுவும் எல்லோர் முன்னாலும். மழை, கண்மாய்த் தண்ணீர், மாடு, யார் வீட்டில் கல்யாணம், யார் செத்தது. என் பங்குக்கு ஒரு வரி: 'உன் சம்சாரம் சௌக்கியம்.' எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், ஐந்தாவது வரை படித்தவள். தெரிந்து என்ன? மருமகள் தனியாகக் கடிதம் எழுதித் தபாலில் போட்டாள் என்றால் அது அவளுக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிடும். மாமனார் முன்னால் உட்கார்ந்து, உங்கள் மகனை வரச் சொல்லி எழுதுங்கள் என்று எந்த மருமகள் சொல்லுவாள்? நான் உண்டாகியிருப்பதை அவர் மறந்துவிடாமல் இருக்க மாமனார் எழுதியதும் ஒரு வரிதான். அது சிவப்பு மாடு சினைப்பட்டதற்கு அடுத்த வரியில் இருந்தது.

பறவை விஷயம் மட்டும் வேறு. அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பதால், கடைசியில் மாமனார் பேனாவை நிறுத்தி, "பறவ எப்புடியிருக்கு, சொல்லு ஆத்தா" என்பார். நான் தூண் ஓரம் நின்று சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவார். இறகு பிடுங்கியதை, தின்னாததை, தேறியதை எல்லாம் அப்படித்தான் எழுதினோம். பதிலில் பறவைக்கு மட்டும் எட்டு வரி இருக்கும். இளநீர் மட்டையைக் கட்டிவிடு, கடித்துக்கொண்டிருக்கும். மாங்கொட்டை கொடு. மழையில் நனைய விடு.

மார்கழியில் பெண் பிறந்தது. மாமனார் எழுதிப் போட்டார். வந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். முதல் பிள்ளை ஆயிற்றே, எப்படியும் லீவு கேட்டுக்கொண்டு ஒரு நடை வருவார் என்று பைத்தியக்காரி மாதிரி பஸ் வரும் நேரத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். பிள்ளையோடு நான் இலுப்பூர் பக்கம் திரும்பி வந்த பிறகுதான் பதில் வந்தது. மாமனார் வாசித்தார். குழந்தைக்கு ஆசீர்வாதம். தாத்தாவின் அம்மா பெயரை வைக்கவும். இப்போது லீவு கேட்க வழியில்லை, மூன்று வருடம் ஆகும். அப்புறம், 'அந்தப் பறவை குழந்தையைக் கண்டு பொறாமைப்படக்கூடும். அது மனம் வாடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.'

மனம் வாடாமல்! எனக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் பதில் எழுத உட்கார்ந்தார். எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "பறவ எப்புடியிருக்கு ஆத்தா?"

அது என் தோளில் உட்கார்ந்து ஒரு சுரைவிதையைப் பிளந்துகொண்டிருந்தது. பளபளவென்று இருந்தது.

"சாகக் கெடக்குதுங்க மாமா" என்றேன்.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். முதலில் பறவையை. அப்புறம் என்னை, என் கையில் இருந்த பிள்ளையை. விதைத் தோல் பொட்டென்று தரையில் விழுந்தது. அவர் குனிந்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "அப்புறம்?" என்றார்.

"நாலு நாளா எதுவும் திங்கல. வாசலையே பாக்குது."

எழுதினார். "கண்ணு?"

"கண்ணுதான் தெறக்க மாட்டேங்குது."

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, "என்ன சொல்றா இவ? இப்பத்தான ஏங் கரண்டியக் கடிச்சு..." என்று ஆரம்பித்தார்.

"நீ அடுப்பப் பாரு" என்றார் மாமனார். பிறகு தானாகவே ஒரு வரி சேர்த்து வாசித்துக் காட்டினார்: 'மூச்சும் வாங்குகிறது. உன்னைப் பார்த்தால் ஒருவேளை தேறலாம்.' கடிதத்தை ஒட்டி, மழை வரும்போல இருந்தும் குடையை எடுத்துக்கொண்டு அவரே இலுப்பூர் தபாலாபீசுக்கு நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை அவரையும் ஒரு மகனைப் பிரிந்தவராக நான் நினைத்துப் பார்த்ததில்லை.

ஒன்றரை மாதம் பதிலே இல்லை. ஒரு பங்குனிக் காலையில் நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். பிள்ளை தூளியில் தூங்கியது. பறவை துலாக்கட்டையில் இருந்து திடீரென்று எச்சரிக்கைச் சத்தம் கொடுத்தது. கண்மாய்க் கரையில் அவர் வந்துகொண்டிருந்தார். ஓட்டமும் நடையுமாக. கையில் தகரப்பெட்டி, கக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம்.

"இருக்கா?" என்றார், மூச்சு வாங்க. அதுதான் முதல் பேச்சு.

நான் மேலே கைகாட்டினேன். பறவை இறங்கி வந்து என் தோளில் உட்கார்ந்து கொண்டையை விரித்தது. அவர் கை நீட்டினார். அந்தத் தீவுக்காட்டில் ஒரு தடவைதான் ஜோடி என்று சொன்னாரே, அது எங்கள் ஊரில் பொய்த்துப் போயிருந்தது. அவர் விரலை நறுக்கென்று கடித்தது. ரத்தம் வந்தது. பொட்டலம் கீழே விழுந்து அவிழ்ந்தது. பறவைக்கு மருந்துப் புட்டி ஒன்று, சூரியகாந்தி விதை ஒரு பை. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

"சாகக் கெடக்குதுன்னு எழுதியிருந்துச்சே?"

அதற்குள் மாமனார் வந்துவிட்டார். "இப்பத்தாம்ப்பா, ரெண்டு நாளாத் தேறியிருக்கு" என்று எங்கோ பார்த்தபடி சொன்னார். அந்த வயதில் எனக்காக அவர் பொய் சொல்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல. பொய்யி. நாந்தான் சொல்லி எழுத வச்சேன்" என்றேன். மாமனார் முன்னால் புருஷனிடம் அப்படிப் பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "புள்ள பொறந்துச்சுன்னு எழுதுனோம், வந்தீங்களா? பறவ சாகுதுன்னதும் ஓடியாரத் தெரியுதுல்ல? நாஞ் சாகக் கெடக்கேன்னு எழுதியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவர் நின்றார். விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. தூளியில் பிள்ளை விழித்து அழுதது. அவர் போய்க் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைத் தூக்கத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அவர் மறுபடி கப்பல் ஏறவில்லை. இலுப்பூரில் ஒரு சின்ன மளிகைக்கடை வைத்தார். இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், இரண்டுக்கும் அவர் வாசலிலேயே நின்றார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தோளைவிட்டு இறக்க மாட்டார். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை, சாயங்காலம் கடையடைத்து வந்து அவர் சாப்பிடும்போது, கிணற்றடியில் கேட்ட அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. இரண்டாம் தடவை நான் கேட்கவே இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது.